பத்திரிகைக்குள் கிடந்த பெயர்

கோவில்பட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டுமென்றால் என் அச்சகத்துக்குத்தான் வருவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற இடத்தில் தரை கூட்டினேன். அடுத்து மிஷினுக்கு மை போட்டேன். அடுத்து ஈய எழுத்துக் கோத்தேன். தமிழை நான் ஒழுங்காகப் படித்ததே இடம் வலம் மாறிக் கிடக்கிற அந்த ஈய எழுத்தில்தான். முப்பது வயதில் சொந்த மிஷின், நாற்பதில் சொந்தக் கட்டடம். இன்றைக்கும் ஒரு பத்திரிகையைக் கையில் வாங்கினால், எந்தத் தாள், எத்தனை தடவை மிஷினில் ஏறி இறங்கியது, எந்தக் கலர் அரை நூல் விலகியிருக்கிறது என்று நின்ற இடத்தில் சொல்லுவேன். படித்தவர்கள் பத்துப் பேர் வந்து நிற்கட்டும், பார்க்கலாம்.

இவ்வளவு சொல்கிறவன், என் மூத்த மகன் செத்துப்போன செய்தியை ஒரு சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கயத்தாறுக்குத் தாள் பண்டல் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். லாரிகள் நிற்கிற இடத்துச் சுவரில் பசை காயாமல் ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. அச்சுக்காரன் புத்தி, முதலில் வேலையைத்தான் பார்த்தேன். மட்டமான வேலை. கறுப்பு வெளிறிக் கிடந்தது. படம் மங்கல். எந்த அரைகுறை அடித்தானோ என்று நினைத்துக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். என் பிள்ளை முகம். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். கீழே பெயர்கள் இருந்தன. மனைவி, மகள், நண்பர்கள், மோட்டார் தொழிலாளர்கள். தகப்பன் என்று ஒரு வரி இல்லை. மனைவியிடம்கூடச் சொல்லாமல் நேரே போய்க் கல்லறைத் தோட்டத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்றேன். ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

பதினான்கு வருடம் முன்னால் அவன் வீட்டைவிட்டுப் போனான். கயத்தாறில் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டுவேன் என்றான். கட்டினால் இந்த வாசலை மிதிக்காதே என்றேன். அவன் கட்டினான், மிதிக்கவில்லை. என் சொல்லுக்கு அவன் அந்த அளவுக்கு மரியாதை கொடுப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து இளையவனுக்குக் கல்யாணம். பத்திரிகை நம் அச்சகத்தில்தான். பிழை பார்ப்பது என் மனைவியின் வேலை. எட்டாவது படித்தவள், மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவரும்போது கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற பெண்ணின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையாக வாசித்துக் கொடுப்பாள். அவள் பார்த்துக் கொடுத்த புரூஃப் என் மேஜைக்கு வந்தது. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே முதல் பெயராக மூத்தவன் பெயர். சிவப்புப் பேனாவை எடுத்து அடித்தேன். அடித்த அடியில் தாள் கிழிந்து மேஜையில் கோடு விழுந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது.

அது நான் செய்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு நாலு வருடம் கழித்து நாங்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினோமே, அந்தப் பத்திரிகையில் அவன் பெயரைப் போட்டேன். நான்தான் போடச் சொன்னேன். அவன்தான் வரவில்லை. டீக்கடையில், கல்யாண வீடுகளில், சொந்தக்காரர்களிடம் எத்தனையோ தடவை இதைச் சொல்லியிருக்கிறேன். ‘நான் பேரைப் போட்டேன். அவனுக்கு இறங்கிவர மனசில்லை. நான் என்ன செய்ய?’

முதல் வருட நினைவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மருமகளைப் பார்க்கப் போனேன். நடையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வாசலில் நான் ஏறுவது அதுதான் முதல் தடவை. கோயிலில் நினைவுத் திருப்பலி வைத்து, கார்டு அடித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதில் தகப்பன் என்று என் பெயர் வர வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவள் மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். நான் முடித்தபிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“மாமா, ஒங்க வீட்டு விசேஷப் பத்திரிக்கை எதுலயாவது அவிய பேரு வந்திருக்கா?”

“வந்திருக்கே.”

“எதுல?”

“பால் காய்ச்சுனதுல. ஊருக்கே தெரியுமே.”

“நான் பாக்கலையே. ஒண்ணே ஒண்ணு கொண்டாந்து காட்டுங்க. ஒங்க பேரை மொத வரியில நானே போடுதேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. துணிக்கு அளவு சொல்வதுபோல் சொன்னாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அச்சகக்காரனிடம் பத்திரிகை கேட்கிறாளே என்று உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

வீட்டில் தேடினால் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் பத்திரிகையைக் காட்சிக்கு வைப்போம். பால் காய்ச்சின பத்திரிகையை யார் எடுத்து வைப்பார்கள்? என் மனைவி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பரணில் ஏறி இறங்கியதை அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டே புடைத்தாள்.

சரி, தாள் இல்லாவிட்டால் ஃபைல் இருக்கும். அச்சகத்து மூலையில் உறை போட்டு மூடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. மூத்தவன் வீட்டில் இருந்த காலத்தில் அவன் கொண்டுவந்து வைத்தது. பத்திரிகை வேலை எல்லாம் ரொம்ப காலம் அதில்தான் நடந்தது. இப்போது ஃப்ளெக்ஸ் அடிக்கப் புது மிஷின்கள் வந்துவிட்டன, டைப் அடித்த பெண்ணும் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிற அம்மாளைக் கூப்பிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறாள். நாற்பது வயது இருக்கும், யாருக்கும் பயப்படாத வாய்.

“அண்ணாச்சி, இந்தப் பெட்டியை இன்னும் எடைக்குப் போடலையா? இதுக்குள்ள பல்லிதான் முட்டை போட்டிருக்கும்” என்றாள்.

“பல்லி முட்டையைப் பொறவு பாப்போம். பத்திரிக்கையைத் தேடித் தா, தாயி.”

பெட்டி உறுமிக்கொண்டு உயிர் பிடித்தது. ஃபைல் இருந்தது. திறந்தாள். பிள்ளையார் படம், குத்துவிளக்கு, தேதி, எல்லாம் சரி. பெயர் வரிசைக்கு வந்தாள். இளையவன் பெயர் இருந்தது, அவன் மனைவி பெயர் இருந்தது. மூத்தவன் பெயர் இல்லை.

“இல்லையே அண்ணாச்சி.”

என் தொழில் எனக்குத் தெரியும். உடனே பிடித்துக்கொண்டேன். எங்கள் அச்சகங்களில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் பத்திரிகை வந்தால் புதிதாக ஆரம்பிக்க மாட்டோம். ஏற்கெனவே அடித்த ஒன்றைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, அதன் மேலேயே சேவ் கொடுத்துவிடுவோம். ஒரு வீட்டு மாப்பிள்ளை இருந்த இடத்தில் அடுத்த வீட்டு மாப்பிள்ளை வந்து உட்காருவார். இதனால் ஒரு தடவை ஒரு கல்யாணத்தில் வேறு வீட்டுத் தாய்மாமன் பெயர் அச்சாகி, அடிதடிவரை போனது.

“இதுல பின்னால யாரோ கை வச்சிருக்காங்க. நான் போட்டது இதுக்கு முன்னால உள்ளது. அதை எடு.”

“மேல எழுதிட்டா அது எப்படி வரும்?” என்றவள் கொஞ்சம் யோசித்தாள். “இருங்க. இந்தப் பழைய சாஃப்ட்வேருக்கு ஒரு குணம் உண்டு. சேவ் குடுத்தா பழசைத் தூக்கி எறியாது. அது அங்கனயே கெடக்கும், புதுசைப் பின்னால சேத்துக்கிடும். திறந்து பாத்தா புதுசு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சேவ் ஆஸ்னு வேற பேர்ல குடுத்தாத்தான் குப்பை எல்லாம் கழியும். ஒங்ககிட்ட டைப் அடிச்ச பிள்ளை சேவ் ஆஸ் குடுக்குமா?”

“அது எங்க குடுக்கும்? வெறும் சேவ்தான்.”

“அப்ப தோண்டிப் பாப்போம்.”

பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகி, பெட்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். படம் கிடையாது, மௌஸ் அம்பு கிடையாது. முழுக் கறுப்பில் ஒரு வெள்ளைக் கட்டி மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதில் அவள் வார்த்தைகளாகத் தட்டினாள். அந்த ஃபைலை அப்படியே கொட்டிக் காட்டினாள். சதுரம், வால், கொக்கி, கோடு. திரை முழுக்க ஓடியது. ஒரு பெட்டி ஈய எழுத்தைத் தரையில் கவிழ்த்ததுபோல.

“இது எழுத்து ஃபைல் இல்ல, பைனரி. படம், கட்டம், ஃபாண்ட் எல்லாம் ஒண்ணாப் பெசைஞ்சு வச்சிருக்கு. நடுவுல எழுத்தும் மாட்டிக்கிட்டுக் கெடக்கும். கிரெப்னு ஒண்ணு இருக்கு; என்ன வார்த்தை வேணும்னு சொன்னா உள்ள பூந்து தேடும்.”

கடலை பறித்து முடித்த காட்டில் பெண்கள் கட்டியை உடைத்து உடைத்துத் தப்புக்கடலை பொறுக்குவார்கள். அதைத்தான் இவள் செய்யப்போகிறாள் என்று எனக்கு விளங்கியது. மூன்றாம் வகுப்புக்கு அது போதும்.

மகன் பெயரைக் கேட்டாள். சொன்னேன். தமிழில் அடித்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அடித்தாள். கறுப்புத் திரை பேசாமல் கிடந்தது.

“இல்ல அண்ணாச்சி.”

அப்போதுதான் அந்தப் பழைய கீபோர்டைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையிலும் சிறு தாள் வெட்டித் தமிழ் எழுத்து எழுதி, மேலே செலோ டேப் ஒட்டியிருந்தது. மூத்தவன் எனக்காகச் செய்தது. ‘இங்கிலீஷ் தெரியாட்டி என்னப்பா, எழுத்து எங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினான். டேப் மஞ்சளாகிவிட்டது. அவன் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

“தாயி, நீ தேடுற தமிழ் இதுல கெடையாது. இது பழைய ஃபாண்டு. திரையில ‘ம’ன்னு தெரியும், பெட்டிக்குள்ள இங்கிலீஷ் எழுத்துத்தான் இருக்கும். ‘மகன்’னு அடிக்கணும்னா கே, எஃப், டி, அப்புறம் புள்ளிக்கு அரைப்புள்ளி.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணாச்சி, நீங்க மூணாங்கிளாஸ்னு யார் சொன்னா?”

“நாந்தான் சொன்னேன். நீ அடி.”

மகன் பெயரை எழுத்து எழுத்தாக, எந்தக் கட்டை, எதற்கு ஷிஃப்ட் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கண்ணை மூடிக்கொண்டுகூட எனக்கு வந்தது. பதினான்கு வருடமாக அந்த வரிசையில் என் விரல் போகவில்லை, ஆனாலும் வந்தது. அவள் என்டர் தட்டினாள்.

ஒரு வரி விழுந்தது.

“பைனரி ஃபைல் மேட்ச்சஸ்” என்று வாசித்தாள்.

“அப்படின்னா?”

“இருக்குங்குது. ஆனா எழுத்து ஃபைல் இல்லாததால காட்ட மாட்டேங்குது.”

இருக்கிறதாம், காட்டாதாம். எனக்கு என் வீட்டு நினைப்பு வந்தது, ஏனென்று அப்போது தெரியவில்லை. “காட்டச் சொல்லு” என்றேன்.

அவள் அதே கட்டளையில் ஏதோ ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்துத் தட்டினாள். குப்பைக்கு நடுவில் இங்கிலீஷ் எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு துண்டு வெளியே வந்தது. அதை மட்டும் வெட்டி எடுத்து, பெட்டியைப் பழையபடி கிளப்பி, அந்த ஃபாண்டைப் போட்டாள். எழுத்துகள் தமிழாக எழுந்து நின்றன. தங்கள் நல்வரவை விரும்பும். முதல் வரியில் என் மூத்த மகன். அவன் பக்கத்தில் அவன் மனைவி. அதற்குக் கீழே பேத்தி.

நான் கையைத் தட்டிவிட்டேன். மிஷினில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “பாத்தியா? நான் சொன்னேன்ல? எம் பேச்சு பொய்க்குமா?” கண்ணில் தண்ணீர் வழிந்ததை நான் துடைக்கவில்லை.

அவள் அந்த ஃபோல்டர் முழுக்கத் தேடிப் பார்த்திருந்தாள். மூன்று ஃபைலில் அவன் பெயர் கிடைத்ததாம். இளையவன் கல்யாணத்தில் மூத்தவன் மட்டும். பால் காய்ச்சினதில் மூன்று பேரும். நாலு வருடம் முன்னால் இளையவன் மகளுக்குக் காது குத்தினோமே, அதிலும் மூன்று பேரும்.

காது குத்துப் பத்திரிகையில் நான் போடச் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கணம் இடறியது. தள்ளிவிட்டேன்.

“ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி” என்றாள் அவள், கருவிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டே. “இதுல கெடைச்சதுனால அச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. அடிச்சுட்டு அழிச்சாலும் இப்படித்தான் கெடக்கும். உள்ள இருந்திச்சுன்னு மட்டும்தான் நான் சொல்ல முடியும்.”

“எனக்கு அது போதும்.”

மறுநாள் காலையில் அந்தத் துண்டை நல்ல தாளில் பிரிண்ட் எடுத்து, கவரில் வைத்து, பேத்திக்குக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு கயத்தாறு பஸ் ஏறினேன். இருபுறமும் உழுது போட்ட கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், யாரென்றே தெரியாது, நான் அச்சகம் வைத்திருக்கிறேன், மகன் நினைவு நாளுக்குக் கார்டு விஷயமாகப் போகிறேன் என்று சொன்னேன். மகன் என்று சொன்னேன். வாய்க்கு அது புதிதாக இருந்தது.

மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். நின்றுகொண்டே வாசித்தாள். பிறகு உட்கார்ந்தாள். மறுபடி வாசித்தாள். அவள் பெயரின் மேல் விரலை வைத்ததைப் பார்த்தேன். அப்புறம் விரல் கீழே இறங்கிப் பேத்தியின் பெயரில் நின்றது.

“இத நீங்களா போடச் சொன்னீங்க, மாமா?”

“ஆமா.”

“பிள்ளை பேரும் நீங்களா சொன்னீங்க?”

“பின்ன?”

“பள்ளிக்கூடத்துல பிள்ளைக்கு என்ன பேரு மாமா?”

எனக்கு விளங்கவில்லை. தாளில் இருக்கிற பெயரைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லையென்று.

“இது கொஞ்சுற பேரு. ஞானஸ்நானத்துல வச்சது வேற, பள்ளிக்கூடத்துலயும் அதுதான். இந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிடுறது ஒலகத்துலயே ஒரே ஒரு ஆளு. நானும் கூப்பிட மாட்டேன், அவியளும் கூப்பிட்டதில்ல. அத்தை மட்டும்தான்.”

“அவ எப்ப...”

“செவ்வாக்கிழமை தவறாம வருவாவ. பிள்ளை பொறந்த நாள்ல இருந்து.”

செவ்வாய்க்கிழமை. கழுகுமலைக் கோயிலுக்கு என்று புறப்பட்டுப் போவாள். என் பெண்டாட்டியைப் போல பக்தி உண்டா, வாரம் தவறியதில்லை என்று அதையும் நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் பூசுவாள். அது எந்தக் கடையில் வாங்கியதோ. அவனை அடக்கம் பண்ணின அன்றைக்கும் அவள் அந்தச் சுவருக்கு உள்ளேதான் நின்றிருப்பாள்.

மருமகள் தாளை நாலாக மடித்தாள். “இத நான் வச்சுக்கிடுதேன். இது அத்தை எழுதுனது.” எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு குத்தல் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். கடலைமிட்டாயை மிஷின் மேல் வைத்துவிட்டு இறங்கினேன். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். மனைவி சோற்றுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். நான் உட்காராமல் நின்றேன்.

“காது குத்துப் பத்திரிக்கையில மூத்தவன் பேரைப் போட்டது நீதானா?”

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள். “ஆமா.”

“எனக்கு வந்த புரூஃபுல இல்லையே.”

“ஒங்களுக்கு வாரதுக்கு முன்னால எடுக்கச் சொல்லிருவேன். டைப் அடிக்கிற பிள்ளைகிட்ட சொல்லுவேன், மொதல்ல எல்லாரையும் போடு தாயி, நான் ஒரு தடவை வாசிச்சுப் பாத்துக்கிடுதேன்னு. வாசிப்பேன். பொறவு எடுத்துருன்னு சொல்லுவேன்.”

“எடுக்கப்போறதை எதுக்குப் போடணும்?”

“பத்திரிக்கைன்னா வீட்டுல உள்ளவுக எல்லாரும் இருக்கணும்ல. அந்தக் கொஞ்ச நேரம் எல்லாரும் இருந்தாக.”

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. பதில் எனக்குத் தெரியும் என்பதும் அந்த நேரத்தில்தான் தெரிந்தது.

“பால் காய்ச்சுன பத்திரிக்கையில... நான் போடச் சொன்னேன்ல?”

“நீங்க போடச் சொல்லல.”

“சொன்னேனே. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேனே.”

“ஊரெல்லாம் சொன்னீங்க. நான் பக்கத்துலதான நின்னேன்.”

“பின்ன ஏன் நீ ஒரு நாளும் மறுத்துப் பேசல? நான் பொய் சொல்லுதேன்னு சொல்லியிருக்கலாம்லா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வருடத்துக்கு மேல் பார்த்த முகம்தான். “அந்தப் பொய்யைச் சொல்லுதப்பதான் ஒங்க வாயில அவன் பேரு வந்துச்சு. அதையும் நான் எதுக்கு நிப்பாட்டணும்?”

சோறு போட்டாள், நான் தின்றேன். என்ன குழம்பு என்று தெரியாமல் தின்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கழுகுமலை என்று சொல்லாமல், “கயத்தாறு போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது நோட்டில் கிழித்த தாள் ஒன்றை என் மேஜையில் வைத்தாள், அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில். மருமகளின் கையெழுத்து. முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. தேதி, நேரம், கோயில். நடுவில் அவன் பெயர். இப்படிக்கு என்று போட்டு, மனைவி, மகள், தாய், தம்பி. பேத்தியின் பள்ளிக்கூடத்துப் பெயரை அதில்தான் முதலில் பார்த்தேன். தந்தை என்று இல்லை.

“நம்ம அச்சகத்துலயே அடிக்கச் சொன்னா. மாமா நல்லா அடிப்பாவன்னு சொன்னா” என்றாள் மனைவி.

வேறு யாரையும் தொடவிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் போன நேரத்தில் மூலையில் இருந்த பழைய பெட்டியைக் கிளப்பி, மஞ்சள் டேப் ஒட்டின அந்தக் கட்டைகளைத் தேடித் தேடி நானே டைப் அடித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவன் பெயரை நடுவில் பெரிதாக வைத்தேன். படத்துக்குப் பார்டர் மெல்லியதாகக் கொடுத்தேன். கயத்தாறு சுவரில் பார்த்ததுபோல் கறுப்பு வெளிறிவிடக் கூடாது என்று மையைத் தனியாகக் குழைத்து வைத்தேன். எல்லாக் கார்டிலும் அடியில் பொடி எழுத்தில் எங்கள் அச்சகத்தின் பெயர் வரும். அது இல்லாமல் ஒரு தாள் இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போனதில்லை. இந்தக் கார்டில் அதை எடுத்துவிட்டேன்.

பிறகு பெயர் வரிசைக்கு வந்தேன். மருமகள் எழுதியபடி நாலு பேரையும் அடித்தேன். தம்பிக்குக் கீழே ஒரு வரி இடம் இருந்தது. தந்தை என்று அடித்தேன். பக்கத்தில் என் பெயரை அடித்தேன்.

மனைவி சோற்று வாளியோடு வந்து, முன்பு உட்காருகிற அதே ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தாள். கடைசி வரியையும் வாசித்தாள்.

“பிழை இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல. சரியா இருக்கு.”

நானும் ஒரு தடவை வாசித்தேன். எல்லாரும் இருந்தோம். அப்புறம் என் வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

சேவ் ஆஸ் கொடுக்கவில்லை. வெறும் சேவ்தான் கொடுத்தேன்.